ஒரே உயரக் கட்டில்கள்

விடுதி விண்ணப்பத்தில் கடைசிக்கு முந்தைய கேள்வி இது: எந்த மாணவருடன் ஒரே அறையில் தங்க விரும்புகிறீர்? ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த அந்தக் கேள்விக்கு நேரே நான் அவன் பெயரை எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பதினாறு வயதில் யோசிக்காமல் எழுதியது. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒழுங்கான வரி அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மாதம் கழித்து, பெரியவர்கள் முன்னால் வைத்துக் கேட்டபோது, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லால் அவனுக்குக் கிடைத்திருந்த இடம் போயிற்று. இடம் மட்டும்தான் போயிற்று என்று ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய இன்னொன்றும் கூடவே போயிருந்தது என்று எனக்குத் தெரியாது.

யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று காரணம் சொல்லலாம். எனக்கு வரக்கூடாது என்பதும் காரணம்தான்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் இருந்தது. பருத்தியும் மிளகாயும் போட எங்களுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தில் வேலை செய்த குடும்பம் அவனுடையது. மழை சரியாகப் பெய்யாத இரண்டு வருடங்களில் அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டியானாலும் வெடியானாலும் ஆபீஸ்தான். அவன் அப்பா மட்டும் எங்கள் காட்டை விட்டுப் போகவில்லை. 'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் அந்த மரியாதை வந்ததே இல்லை. என் அப்பாவைவிட மூத்தவரை நான் பேர் சொல்லி, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். நான் தவழ்ந்த காலத்திலிருந்தே அவர் என்னைச் சின்ன சாமி என்றார்.

மூன்று மைல் தள்ளியிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு நானும் அவனும் ஒன்றாகத்தான் நடந்தோம். ஒன்றாக என்றால், ஊருணிக்கரை வரை அவன் பத்தடி பின்னால் வருவான். கரை தாண்டியதும் ஓடிவந்து தோளில் கை போட்டு, "ஏலே, கணக்கு முடிச்சிட்டியா?" என்பான். சாயங்காலம் திரும்பும்போது அதே கரையில் கையை எடுத்துக்கொண்டு பின்தங்கிவிடுவான். அப்புறம் அவன் வாயில் 'ஏலே' வராது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு அது ஒரு விளையாட்டு. அவனுக்கும் விளையாட்டாகத்தான் இருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் அவன் என்னைவிட அதிக மார்க் வாங்கினான். விருதுநகர்க் கல்லூரியில் இருவருக்கும் பி.யூ.சி. வகுப்பில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் போதுமா? எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து, சாத்தூரில் இறங்கி, அடுத்ததுக்குக் காத்துக் கிடந்து விருதுநகர் போய்ச் சேர்வதற்குள் காலை வகுப்புகள் பாதி முடிந்திருக்கும். விடுதியில் தங்கினால்தான் படிப்பு. அவனுக்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. அவனுக்கு வந்த சர்க்கார் உபகாரச் சம்பளம், விடுதியில் இருந்தால்தான் சாப்பாட்டுக்கும் சேர்த்து வரும். வெளியே தங்கினால் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும்தான் வரும். ஆக, விடுதியில் கட்டில் இல்லையென்றால் அவனுக்குச் சோறும் இல்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவன் விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்தவன் நான்தான்.

அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, தலைமையாசிரியரிடம் இரவல் வாங்கிய பேனாவில் இரண்டையும் நானே எழுதினேன். என்னுடையதில் அவன் பெயர், அவனுடையதில் என் பெயர். அவன் பக்கத்தில் குந்தியிருந்து, "சன்னல் இருக்க ரூமாக் கேளுலே" என்றான். அப்படி ஒரு கேள்வி விண்ணப்பத்தில் இல்லை என்றேன். இருவரும் சிரித்தோம். பாதுகாவலர் கையெழுத்துக்காக அவன் அப்பா காட்டிலிருந்து நேரே வந்தார். பெருவிரலில் மையை ஒற்றி அழுத்திவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்கு சாமி?" என்று கேட்டார்.

"உம்மவன் ஒழுங்கா இருப்பான்னு எழுதியிருக்கு" என்றேன்.

"அது போதும் சாமி" என்றார்.

அறை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. என் அப்பாவிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. கல்லூரி ஊருணிக்கரைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது, அங்கே எங்கள் வழக்கம்தானே என்று எண்ணினேன். அப்பாக்களும் கரை தாண்டி வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சேர வேண்டிய நாளில் நானும் அப்பாவும் முதலில் போய்ச் சேர்ந்தோம். அப்பா கெட்டவர் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அவரை மீசை முறுக்கிய ஆளாக நினைத்துக்கொண்டால் அது என் எழுத்தின் குற்றம். அதிர்ந்து பேசமாட்டார்; மாட்டைக்கூட அடிக்கமாட்டார். விடுதியின் மாடியில் வடக்கு ஓரத்து அறை. மூன்று இரும்புக் கட்டில்கள், மூன்று மேசைகள், ஒரு சன்னல். அப்பா என் படுக்கையை விரித்து, கதவுக்குப் பின்புறமிருந்த நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்.

"மத்த ரெண்டு பேரு யாரு, எந்த ஊருன்னு கேட்டியா?" என்றார்.

"தெரியலப்பா" என்றேன்.

முதல் பொய் அது. அப்பாவைச் சீக்கிரம் கிளப்பி அனுப்பிவிடலாம் என்று பஸ் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் அசையவில்லை. அதற்குள் வராந்தாவில் செருப்பில்லாத கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

அவன் உள்ளே நுழைந்தான். கையில் சுருட்டிய பாய். கதவுக்குப் பின்னால் இருந்த அப்பாவை அவன் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே, சன்னலோரக் கட்டில நீயே புடிச்சிக்கிட்டியா?" என்றான்.

நான் கதவுப் பக்கம் பார்த்தேன். என் கண் போன பக்கம் திரும்பினான். அப்பாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். பாயை நடுக் கட்டிலில் வைத்துவிட்டு, "கீழ தட்டும் டம்ளரும் குடுக்காக. வாங்கிட்டு வாரேன்" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டு வந்த வேகத்தில் இறங்கிப் போனான். அடுத்து நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது.

அவன் அப்பா தலையில் தகரப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். மகன் சொன்ன 'ஏலே' அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பெட்டியை வெளியே வராந்தாவில் இறக்கி வைத்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு கால்கூட வைக்கவில்லை.

"என்னப்பா, உம்மவனுக்கும் இங்கனதானா எடம்?" என்று அப்பா கேட்டார். குரலில் கோபம் இல்லை. வெறும் ஆச்சரியம்தான்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாது சாமி. மேல போன்னு சொன்னாக, வந்தேன்" என்றார் அவர். அவர் பார்வை அறைக்குள் என் கட்டிலுக்கும் பாய் கிடந்த கட்டிலுக்கும் மாறி மாறிப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து வார்டன் கையில் பட்டியலோடு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ரசாயனம் நடத்துபவர். எங்கள் பக்கத்து ஊர்களுக்குள் அவர் காலடி பட்டிருக்காது. பட்டியலைப் பார்த்துவிட்டு உற்சாகமாக, "ரெண்டு பேரும் ஒரே ஊராச்சே! சேர்ந்து இருக்கணும்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. போட்டுட்டேன். சந்தோஷம்தானே?" என்றார்.

அவன் அப்பா கும்பிட்டார். "எம்மவனுக்கு இந்த எடம் வேண்டாம் சாமி" என்றார்.

"ஏன், என்ன குறைச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்லீக. சின்ன சாமி படுக்க கட்டிலும் எம்மவன் படுக்க கட்டிலும் ஒரே உசரமா இருக்கு. அது சரிப்படாதுக."

வார்டன் சிரித்துவிட்டார். "பெரியவரே, எல்லாம் ஒரே பட்டறையில செஞ்ச கட்டில். உயரம் எப்படி மாறும்?" என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் மெல்ல மாறியது. கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும். வேறு அறை எதிலும் இடம் இல்லை என்றும், இதை விட்டால் இந்த வருடம் கிடைக்காது என்றும், கீழே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்றும் பொறுமையாகச் சொன்னார். அவன் அப்பா, "இருக்கட்டும் சாமி, வெளிய எங்கனயாச்சும் இருந்துக்கிடுவான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வார்டன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானே இவர் பையன் கூட இருக்கணும்னு எழுதினது? உனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

ஒரு வார்த்தைதான் கேட்டார். அப்பா விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீயா எழுதுன?" என்றார். அடிக்கிற பார்வை இல்லை. நான் 'ஆமாம்ப்பா, அவன் என் சிநேகிதன்' என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? முகம் சுளித்திருப்பார். ஊருக்குத் திரும்பும்வரை பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான். இத்தனை வருடம் எப்படி எப்படியோ யோசித்துப் பார்த்துவிட்டேன், அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது. அந்த முகச் சுளிப்புக்குப் பயந்துதான் சொன்னேன்.

"தெரியாம எழுதிட்டேன் சார்."

வார்டன் விடவில்லை. "ரெண்டு விண்ணப்பத்திலும் ஒரே கையெழுத்து. ரெண்டையும் தெரியாமலா எழுதினே?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

வாசலில் நின்ற அவன் அப்பா, நான் சரியாகத்தான் சொன்னேன் என்பது போலத் தலையை ஆட்டினார். வார்டன் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். "நம்ம மொளகா வத்தல் போடுத மண்டிக்காரர்ட்ட சொல்றேன். குடோன்ல ஒரு ஓரமாப் படுத்துக்கிடட்டும். காவலுக்குக் காவலும் ஆச்சு, ரெண்டு வேளைச் சோறும் போட்டுருவாரு" என்றார். "பெரிய மனசு சாமி" என்று அவன் அப்பா கும்பிட்டார். ஊரில் பல வருடம் இதை அப்பாவின் நல்ல குணத்துக்கு உதாரணமாகச் சொன்னார்கள்.

அவன் தட்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு மேலே வந்தான். எனாமல் தட்டு, பின்னால் நம்பர் எழுதியது. வாசலில் அவன் அப்பா பெட்டியைத் திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா?" என்றான்.

"நமக்கு ஒத்து வராதுலே. வேண்டாம்னு சொல்லிட்டேன். தட்டக் குடுத்துட்டு வா."

அவன் என்னைப் பார்த்தான். நான் படுக்கை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பாயை மட்டும் எடுத்துக்கொண்டான். இருவரும் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அலுவலகத்தில் என்ன ஏது என்று கேட்பார்களே, அவன் என்ன சொல்வான் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலை அந்தக் கட்டிலுக்குக் கோவில்பட்டிப் பையன் ஒருவன் வந்தான். நல்ல பையன். குறட்டை விடுவான்.

வகுப்பில் அவனைத் தினமும் பார்த்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் எப்போதும் போலவே பேசினான். "ஏலே, குடோன்ல எலி எம்புட்டுப் பெருசு தெரியுமா? பூனையே பயந்து ஓடுது" என்று சிரித்தான். நான் செய்தது அவனுக்குத் தெரியும், தெரிந்தும் மன்னித்துவிட்டான் என்று முடிவு செய்துகொண்டேன். அவன் அப்பா சொல்லாமலா இருப்பார்? அவன் பெருந்தன்மை என்னைக் குத்தியது. குத்தக் குத்த அவனை விட்டு விலகினேன். வேறு வரிசையில் உட்கார்ந்தேன். சேர்ந்து நடக்காமல் இருக்கச் சாக்குகள் கண்டுபிடித்தேன். தப்புச் செய்தவன் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டவனும் நானே.

அவன் சட்டையில் வத்தல் நெடி ஏறியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தும்மினார்கள். அவனுக்கு 'வத்தல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தடவை விடுதிச் சாப்பாட்டு அறையில் ஒருவன் அவன் மாதிரி இருமிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சமாகத்தான் சிரித்தேன் என்று சேர்த்துச் சொல்ல இப்போதும் கை வருகிறது. அதெல்லாம் பூசி மெழுகுவது, சிரித்தேன்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி டோக்கன் வாங்கி அவனைக் கூப்பிட்டேன். ஞாயிறு மதியம் கறிக்குழம்பு. தலைக்கு எண்ணெய் வைத்து, வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மண்டியில் போடுவது அவன் வயிற்றுக்குக் காணவில்லை என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அறைக்கு வா என்றேன். மாடி ஏறி வந்தவன் நிலைப்படியில் நின்றுவிட்டான். "இங்கனயே நிக்கேன்" என்றான். உள்ளே எட்டிப் பார்த்து, "சன்னல்ல நல்லாக் காத்து வருதா?" என்று கேட்டான். எனக்குப் பாடம் கற்பிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்து எரிச்சல் வந்தது. இரண்டாவது தடவை டோக்கன் வாங்கவில்லை.

தை பிறந்ததும் விருதுநகருக்கு வத்தல் வர ஆரம்பிக்கும். வண்டி வண்டியாக வரும். அதுவரை பாதி காலியாக இருந்த குடோனில் மூட்டை கூரை வரை ஏறியது. பாய் விரிக்க இடம் இல்லாமல் அவன் மூட்டைகள் மேலேயே படுத்தான். வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து வந்த இருமல் நாளுக்கு நாள் கூடியது. ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, "வெளியே போய் இருமிட்டு வாப்பா" என்பார். அவன் வெளியே போவான். சில நாள் திரும்பி வரமாட்டான். ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். என் அறையில் சன்னலோரம் காற்று வந்துகொண்டுதான் இருந்தது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மண்டிக்காரர் ஊருக்குச் சொல்லி அனுப்பினார். அவன் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். பரீட்சை அறையில் அவன் எண் ஒட்டியிருந்த மேசை எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தது. எல்லாப் பரீட்சைக்கும் அது காலியாகவே இருந்தது. நான் நன்றாக எழுதினேன். மனசாட்சி குத்தினால் பேனா ஓடாது என்று சொல்கிறவர்கள் பரீட்சை எழுதாதவர்கள்.

அதே விடுதியில் மேலும் மூன்று வருடம் இருந்து பி.ஏ. முடித்தேன். கடைசி வருடம் என்னைச் சாப்பாட்டுச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். புதிதாக வருகிற பையன்களுக்கு ஓடி ஓடி உதவுவேன். கிராமத்துப் பையன்கள் என்றால் கூடுதலாக. நல்லவன் என்று பெயர் வாங்கினேன். வார்டன் மட்டும் எனக்குக் கடைசி வரை ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பிறகு மதுரையில் வேலை. ஊருக்கு வருவது குறைந்தது. அவன் ஒரு வெடி ஆபீசில் சேர்ந்து, நாலைந்து வருடத்தில் ஃபோர்மேன் ஆகிவிட்டான் என்று அம்மா சொன்னார். எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம், தீபாவளி சீசன் முடிந்த சமயம், ஊருக்குப் போயிருந்தேன். பத்திரிகை கொடுக்கும் சாக்கில் அவனைப் பார்த்து, மனசில் இருப்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். ஏழு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் தெருவுக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

அவன் முற்றத்தில் இருந்தான். கைகளில் அலுமினியப் பொடி மினுங்கியது; எத்தனை கழுவினாலும் போகாது என்றான். "வாங்க" என்றான். 'ஏலே' இல்லை. நாற்காலி போட்டு, ஓர் ஆளைக் கடைக்கு அனுப்பிக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னான். தன் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன் என்று அவனே முடிவு செய்துகொண்டான். தண்ணீரே கொடு என்று சொல்ல வாய் வரை வந்தது. பாட்டிலை வாங்கிக் குடித்தேன்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனி அடுப்புப் பக்கத்தில், அவன் அப்பா உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். முதுகு வளைந்துவிட்டது. பழையபடி உட்கார்ந்து பசையைத் தடவ ஆரம்பித்தார்.

பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணு பேசணும். ஹாஸ்டல்ல அன்னைக்கு நடந்தது" என்று ஆரம்பித்தேன்.

அவன் சிரித்தான். "அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? நீங்கதான் எனக்காக எழுதிக் குடுத்தீங்க. எடமும் வாங்கிக் குடுத்தீங்க. கீழ போயித் தட்டு வாங்கிட்டு வாரதுக்குள்ள எங்கப்பன் வேண்டாம்னு சொல்லித் தொலச்சாரு." குரலைத் தணிக்கவில்லை. அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்றே பேசினான். "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச அன்னைக்கு அவரு கூடப் பேச்ச நிறுத்துனது. தனியாக் காய்ச்சிக் குடிச்சிக்கிடுதாரு. எங்கம்மா செத்தப்பக்கூடப் பேசல."

பசை தடவும் கை நிற்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அவனுக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்லை. வார்டன் என்னைக் கேட்டதையோ, நான் சொன்னதையோ, ஏழு வருடமாக மகனிடம் அவர் மூச்சுவிடவில்லை. அந்த அறையில் கடைசிச் சொல் என்னுடையது. பழி முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவன் என்னை மன்னித்ததாக நான் நினைத்ததெல்லாம் என் கற்பனை. மன்னிக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சொல்லிவிடுகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். "நான் ஒண்ணு..." என்றேன். அதற்குள் அவன் அப்பா எழுந்து வந்தார். "சாமிக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்" என்று பொதுவாகச் சொன்னார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஸ் நிற்கும் இடம் வரை அவர் என் பின்னாலேயே வந்தார். வெயில் கொளுத்தியது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "அவங்கிட்ட ஒண்ணும் சொல்லிறாதீக சாமி" என்றார்.

"நீ ஏன் அவங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"அவன் எம்மேல கோவமா இருக்கான். இருந்துட்டுப் போறான். அப்பன் மேல கோவப்பட்டவன் ஊருக்குள்ள இருக்கலாம். உங்க வீட்டு மேல கோவப்பட்டுட்டான்னா இந்த ஊருல அவன் எப்படி சாமி இருப்பான்? அவனுக்குக் கோவம் வந்தா அடக்கத் தெரியாது. நாந்தான் கெடுத்தேன்னு நெனச்சிக்கிட்டே இருக்கட்டும்."

"சரி" என்றேன்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பல வருடம் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்: அவர் கெஞ்சிக் கேட்டார், அதனால்தான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவருக்குத் துரோகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் 'சரி' என் வாயிலிருந்து வந்தபோது எனக்குள் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. தப்பித்தேன் என்ற நிம்மதி. மதுரை போய்ச் சேரும்வரை அது இருந்தது. வழியில் பஸ் நின்ற இடத்தில் இறங்கி வடை வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகு அவர் மூன்று வருடம் உயிரோடு இருந்தார். மகன் பேசவில்லை. அந்த மூன்று வருடத்தில் நான் ஊருக்கு ஐந்து தடவை போனேன். அந்தத் தெருவுக்குப் போகவில்லை.